அட்டைச் சுவருக்கு ஒட்டு: ஒரு பலகையின் பழங்கதை

ஜிப்சம் பலகைத் தடுப்பை நம் ஊரில் பலரும் 'அட்டைச் சுவர்' என்றே சொல்கிறார்கள். கொஞ்சம் கேலி கலந்த பெயர்தான். தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் கேட்கும். ஆணி அடித்தால் பிடிக்காது. நாற்காலி முதுகு இடித்தால் குழி விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் பட்டால் ஊறிப் போகும்.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வயதானவர்கள் எல்லோரும், எங்கள் ஆயுளில் இப்படி ஒரு மழை பார்த்ததில்லை என்றார்கள். அதன் பிறகு எனக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளில் ஒரே கேள்விதான். ஊறிப்போன இடத்தை மட்டும் வெட்டி மாற்றினால் போதுமா, சுவர் முழுவதையும் பிடுங்கிப் போட வேண்டுமா? எங்கள் வீட்டு மாடியிலும் அதே கேள்வி எழுந்தது. பழைய தாழ்வாரத்தை என் மகன் சில வருடங்களுக்கு முன் ஜிப்சம் தடுப்பு வைத்து ஓர் அறையாக மாற்றியிருந்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஊறிய இடத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் எப்படி மாற்றுவது, எது மாறினாலும் மாறாமல் இருக்கும் வேலை எது என்பது புரிய வேண்டுமானால், அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். எந்த விஷயத்தையும் அதன் முன்வரலாற்றோடு தொடங்குவதே எனக்குப் பழக்கம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லுக்குள் தண்ணீர்

ஜிப்சம் நமக்குப் புதியதல்ல. சித்த வைத்தியத்தில் கற்பூர சிலாசத்து என்பது இதுதான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிய சாக்பீஸ் பெரும்பாலும் இதுதான். கை ஒடிந்தால் போடும் மாவுக்கட்டும், கடைவீதியில் விற்கும் பொம்மைகளும் இதனால் செய்பவையே. திருச்சிக்குப் பக்கத்தில் ஊட்டத்தூர், காரைப் பகுதிகளில் ஓடை அரித்த மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாய் இழையோடியிருப்பதும் இந்தக் கல்தான். சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். ஆகவே, 'எங்கள் வீட்டில் ஜிப்சமே கிடையாது' என்று சொல்பவர் வீட்டுத் தூணிலும் அது இருக்கிறது.

இந்தக் கல்லின் விசேஷம் அதற்குள் இருக்கும் தண்ணீர். நூறு கிலோ ஜிப்சத்தில் ஏறக்குறைய 21 கிலோ தண்ணீர், கல்லோடு கல்லாய்ப் பிணைந்து கிடக்கிறது. சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவது வெள்ளை மாவு. அந்த மாவில் தண்ணீர் விட்டுக் குழைத்தால், இழந்த தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு சில நிமிடங்களில் மறுபடியும் கல்லாகிவிடும். சுண்ணாம்புக் காரைபோல நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

இதை முதலில் முறையாக விளக்கியவர் லவோசியே. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ரசாயனப் பாடம் என்றாலே அவர் பெயர்தான் முன்னால் வரும். பிராணவாயு, எரிதல் என்று பாடம் நடத்துவார்கள். ஆனால் 1760-களின் நடுவில், இருபத்தொன்று இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வாசித்த முதல் ஆய்வு ஜிப்சத்தைப் பற்றியது என்பதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சூட்டில் போன தண்ணீரும், குழைக்கும்போது கல் திரும்ப எடுத்துக்கொள்ளும் தண்ணீரும் ஒன்றே என்று அவர் காட்டினார். பிற்காலத்தில் அவர் வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த காரணத்தால் 1794-ல் கில்லட்டினில் தலையை இழந்தார். அரசாங்க வருவாய்க் கணக்கோடு சம்பந்தப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்திலும் நிம்மதி இருந்ததில்லை.

மோன்மார்த்ர் குன்று

இந்த மாவுக்கு 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்று பெயர் வரக் காரணம், பாரிஸின் வடக்கே உள்ள மோன்மார்த்ர் குன்றும் அதன் சுற்றுப்புறமும். நம்மூர்க்காரர்கள் எத்தனையோ பேர் அங்கே போய் சாக்ரே-கேர் தேவாலயப் படிக்கட்டில் நின்று படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்தக் குன்று முழுக்க ஜிப்சம். நூற்றாண்டுக் கணக்கில் குடைந்து குடைந்து உள்ளே பொந்தாக்கிவிட்டார்கள். அதனால் தேவாலயம் கட்டும்போது 33 மீட்டர் ஆழத்துக்கு 83 கிணறுகள் இறக்கி, அவற்றைக் கல்லால் நிரப்பித்தான் அஸ்திவாரம் போட முடிந்தது. குன்றின் அடிவாரத்தில் 'வெள்ளைச் சதுக்கம்' என்று ஓர் இடம் இருக்கிறது. மாவு ஏற்றி வந்த வண்டிகள் சிந்திச் சிந்தி வெளுத்த இடம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள்.

1666-ல் லண்டன் நகரம் தீப்பற்றி எரிந்தது. மரச்சட்டத்தில் கட்டிய வீடுகள் வரிசையாகக் கருகின. பாரிஸிலும் அப்படிப்பட்ட வீடுகள்தான் அதிகம். மறு வருடமே, 1667-ல், பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில் ஓர் உத்தரவு வந்தது: வீடுகளின் மரச்சட்டங்கள் வெளியே தெரியக் கூடாது, அவற்றைப் பூசி மூட வேண்டும். தீ பட்டால் ஜிப்சத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். அது முழுக்கப் போய்த் தீரும்வரை பின்னால் இருக்கும் மரம் சீக்கிரம் சூடேறாது. ரசாயனக் காரணம் அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் பூசிய வீடு தாக்குப்பிடிக்கிறது என்பது கொத்தனாருக்குத் தெரிந்திருந்தது.

அதே மன்னர், அதே காலம், அதே மந்திரி கொல்பேர். அவர்தான் 1664-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர். அந்தக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் இங்கே வந்து குடியேறியதிலிருந்துதான் நம் ஊரின் பிரெஞ்சுக் கதை தொடங்குகிறது. ஆனால் பாரிஸ் மாவு அவர்களோடு கப்பலேறி வந்து நம் சுவர்களில் ஒட்டவில்லை. காரணம் எளியது. ஜிப்சம் கொஞ்சமாவது தண்ணீரில் கரையும். கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் உள்ள ஊரில் வெளிச்சுவருக்கு அது உதவாது. இங்கே கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இருந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசும் கைப்பக்குவமும் இருந்தது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியதற்குப் பிறகு மீண்டும் எழுந்த வீடுகளும், கால்வாய்க்கு மேற்கே திண்ணை வைத்த தமிழர் வீடுகளும், கிழக்கே உயர்ந்த மதில் வைத்த வெள்ளைக்காரர் வீடுகளும், எல்லாமே செங்கல்லும் சுண்ணாம்பும்தான். திட்டம் பிரெஞ்சு, காரை தமிழ்.

கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிய பலகை

பலகை பிறந்தது அமெரிக்காவில். அங்கே வீடுகள் மரச்சட்டத்தில் கட்டுவது வழக்கம். உள்சுவருக்கு, சட்டங்களின் மேல் மெல்லிய மரப்பட்டிகளைச் சிறு இடைவெளி விட்டு வரிசையாக அடிப்பார்கள். அதன்மேல் மாட்டு மயிரோ குதிரை மயிரோ கலந்த காரையை அப்புவார்கள். காரை இடுக்கு வழியாகப் பின்பக்கம் பிதுங்கிக் கொக்கிபோலப் பிடித்துக்கொள்ளும். முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு, மெருகுப் பூச்சு என்று மூன்று. ஒவ்வொன்றும் காய வேண்டும். வீடு குடியேறத் தயாராக வாரக்கணக்கில் ஆகும்.

அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-ல் ஒரு காப்புரிமை பெற்றார். காகித அடுக்குகளுக்கு இடையே ஜிப்சம் மாவை வைத்து அழுத்திய பலகை அது. மரப்பட்டிகளுக்குப் பதிலாக இதை அடித்துவிட்டு மேலே காரை பூசலாம் என்பதே முதல் எண்ணம். அதாவது பலகை வந்த பிறகும் கொத்தனார் இருந்தார். 1902-ல் பல ஜிப்சம் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் என்ற நிறுவனம் உருவாயிற்று. அது 1909-ல் சாக்கெட்டின் தொழிலை வாங்கியது. 1916, 17 வாக்கில், நடுவில் ஒரே அடுக்கு ஜிப்சமும் இரு முகத்திலும் காகிதமும் வைத்து 'ஷீட்ராக்' என்ற பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் முகம் வழவழப்பாக இருந்தது. மேலே பூச்சே தேவையில்லை, பலகையை அடித்துப் பெயிண்ட் பூசிவிடலாம் என்பதே விளம்பரம். ஈரப்பூச்சு இல்லாத சுவர் என்பதால் 'டிரைவால்' என்ற பெயர் நிலைத்தது.

மக்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. காரைச் சுவர்தான் கௌரவம், பலகை என்றால் ஏழை வீடு என்ற எண்ணம் இருந்தது. 1933-34-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டடங்களில் இந்தப் பலகையை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆள் பற்றாக்குறை, ராணுவக் குடியிருப்புகளை அவசரமாகக் கட்ட வேண்டிய நிலை. காரை காயும்வரை காத்திருக்க நேரமில்லை. போர் முடிந்து வீரர்கள் திரும்பியதும் எல்லோருக்கும் வீடு வேண்டும். நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பில் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வேகமான நாட்களில் ஒரு நாளைக்கு முப்பது வீடு. எல்லாம் பலகைச் சுவர். காரைக் கொத்தனாரின் காலம் அங்கே ஏறக்குறைய அதோடு முடிந்தது.

ஓட்டை விழுந்தபோது

ஆனால் பலகைக்குப் பலகை சந்து இருக்கிறதே! அதை மறைக்க வேண்டும். சந்தின்மேல் காகித நாடாவை ஒட்டி, குழைத்த மாவை அகலமான கரணையால் மெல்லியதாக இழுத்து, காய்ந்ததும் இன்னும் அகலமாக ஒரு பூச்சு, அதன்மேல் மற்றொன்று, கடைசியில் தேய்ப்பு. நன்றாகக் கவனியுங்கள்: மூன்று பூச்சு. சுவர் முழுவதிலும் இருந்து விரட்டப்பட்ட கொத்தனார் வேலை, சந்துகளில் வந்து ஒளிந்துகொண்டது. பலகையை யாரும் அடித்துவிடலாம். சந்து கண்ணுக்குத் தெரியாமல் மூடுவதற்கு மட்டும் கை பழகியிருக்க வேண்டும்.

ஓட்டை விழுந்தாலும், ஒரு பகுதி ஊறிப்போனாலும் அதே கதைதான். பழைய காரைச் சுவரில் ஓரிடத்தைக் கொத்தினால் சுற்றியுள்ள காரையும் ஆடும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பலகையில் கெட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதே கனத்தில் வேறொரு துண்டை வைத்துத் திருகி, நாலு பக்கமும் சந்து மூடினால் தீர்ந்தது. அமெரிக்கர்கள் இதை வீட்டுக்காரரே செய்யும் ஞாயிற்றுக்கிழமை வேலையாக்கிக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. பல ஆண்டுகள் சந்து மூடும் மாவில் கல்நார் கலந்திருந்தார்கள். காய்ந்த பூச்சைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போய், இருபது முப்பது வருடம் கழித்து நோயாக வெளிவந்தது. 1977-ல் அமெரிக்க அரசு அப்படிப்பட்ட ஒட்டு மாவுகளைத் தடை செய்தது. அங்கே பழைய வீட்டில் சுவரை உடைப்பதற்கு முன் இன்றைக்கும் மாவைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தன் வீட்டுச் சுவரை ஒட்டுப்போட்டவர்களும் அதில் அடக்கம் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. நம் ஊரில் இப்போது அந்தத் தொல்லை இல்லாவிட்டாலும், தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே பலர் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் சுமார் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. அங்கே வீடு வீடாகப் பலகையை அறுத்து வீதியில் குவித்தார்கள். தண்ணீர் நின்ற அளவோடு வெட்டினால் போதாது, பலகை திரிபோல ஈரத்தை மேலே இழுக்கும். ஆகவே ஈரக்கோட்டுக்கு மேல் குறைந்தது ஓரடி தள்ளி வெட்ட வேண்டும். பலகையின் அகலம் நாலடி என்பதால் இரண்டடி அல்லது நாலடி உயரத்தில் நேர்கோடாக அறுத்தால் புதுப் பலகை வீணாகாமல் பொருந்தும். இதெல்லாம் அங்கே வெள்ளத்துக்குப் பின் வழக்கமான நடைமுறை. திரும்பக் கட்டும் அவசரத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பலகைகள் சிலவற்றிலிருந்து கந்தக வாடை கிளம்பி, வீட்டுச் செம்புக் கம்பிகளைக் கறுக்கவைத்தது இன்னொரு துயரம். அந்த வீடுகளில் மட்டும் பகுதி மாற்றம் பலிக்கவில்லை. எல்லாப் பலகையையும் எடுத்தாக வேண்டியிருந்தது.

சுற்றி வந்த சுற்று

பலகை 1946-ல் பிரான்சுக்கு வந்தது. அங்கே அதைச் செய்யத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ப்ளாகோப்ளாத்ர். பெயரின் முன்பாதி மக்கள் வாயில் பொதுச்சொல்லாகி, இன்று பிரெஞ்சுக்காரர்கள் எந்த ஜிப்சம் தடுப்பையும் 'ப்ளாகோ' என்றே சொல்கிறார்கள். பாரிஸில் இருக்கும் நம் உறவுக்காரர்கள் தொலைபேசியில் 'ப்ளாகோ வேலை நடக்கிறது' என்றால் இதுதான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நம் ஊருக்கு வித்திட்ட கொல்பேர், கம்பெனி தொடங்கிய மறு வருடம், 1665-ல், அரச கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றையும் தொடங்கி வைத்தார். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி செய்தது அது. அதுதான் இன்றைய சேன்-கோபேன். ஸ்ரீபெரும்புதூரில் 2000-லிருந்து கண்ணாடி செய்கிறார்களே, அவர்கள்தான். 2005-ல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் ஜிப்சம் பலகைத் தொழிலில் உலகத்தின் முதல் வரிசைக்கு வந்தது. மன்னர் காலத்தில் வராத பாரிஸ் மாவு, மந்திரி தொடங்கிய மற்றொரு கம்பெனியின் வழியாக, 340 வருடம் கழித்து இந்தியக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே அது முதலில் கூரையில்தான் ஏறியது. வங்கி, துணிக்கடை, குளிர்சாதன அலுவலகம் என்று எல்லா இடத்திலும் பொய்க்கூரை வந்தது. பிறகு தடுப்புச் சுவராக இறங்கியது. கடைசியில் வீட்டுக்குள் வந்தது. செங்கல் சுவரின் பாரம் தாங்காத பழைய மாடிகளுக்கு எடை குறைந்த பலகைத் தடுப்பு உண்மையில் நல்ல யோசனை என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்த வேலை

உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து இங்கே பல வருடமாக ஜிப்சம் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை மகன் அழைத்து வந்தான். வந்தவர் பலகையைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தார். "அய்யா, தண்ணி எங்கேருந்து வருது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கைப்பிடிச் சுவர் மொட்டைமாடித் தளத்தோடு சேரும் இடத்தில் விரிசல் கண்டது தெரிந்தது. "அது முதல்ல. இது அப்புறம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த விரிசலை அடைக்க எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டு வேலை பார்க்கும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவருக்கும் என் வயதிருக்கும். பழைய தளம் என்பதால் சிமெண்ட் வைக்காமல் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்தே அடைத்தார். வெயிலில் இரண்டு வாரம் காயவிட்ட பிறகு இளைஞர் திரும்பி வந்தார்.

வேலை நடந்த வரிசையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். முதலில் அந்தப் பக்கத்து மின் இணைப்பை நிறுத்தினார். ஊறி உப்பிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, எங்கே அமுங்கவில்லையோ அங்கிருந்து ஓரடி தள்ளிப் பென்சிலால் கோடு போட்டார். பக்கவாட்டுக் கோடுகள் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தின் நடுவில் விழும்படி பார்த்துக்கொண்டார். அப்போதுதான் பழைய பலகையும் புதுத் துண்டும் ஒரே சட்டத்தில் பாதிப் பாதி உட்காரும். சட்டம் இல்லாத மேல் விளிம்புக்குப் பின்னால் ஒரு சட்டத் துண்டைச் செருகித் திருகினார். வெட்டியெடுத்த பலகையின் பின்பக்கம் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சை. முன்பக்கத்துப் பெயிண்டில் அது தெரியவே இல்லை. உள்ளே இருந்த ஈரத்தை நாலு நாள் மின்விசிறி வைத்து உலர்த்தினோம்.

புதுப் பலகையும் அதே 12.5 மில்லிமீட்டர் கனம், ஈரம் தாங்கும் பச்சைக் காகிதப் பலகை. துண்டைச் சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிறியதாக வெட்டினார். தரையைத் தொடாமல் அரை அங்குலம் தூக்கி வைத்தார். திருகாணியின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக அமுங்கும் அளவுக்கு முடுக்கினார். காகிதம் கிழிந்தால் பிடிமானம் போய்விடும், அது வெறும் மாவு. பிறகு சந்தில் நாடா, அதன்மேல் பூச்சு.

இரண்டாம் பூச்சு காய்ந்துகொண்டிருந்த நாளில் மேஸ்திரி கூலி வாங்க வந்தார். மாடிக்கு ஏறி வந்து சுவரைப் பார்த்தார். விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். சந்து இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு நிழல் தட்டியது.

"தம்பி, அந்தக் கரணையக் கொஞ்சம் குடு" என்றார்.

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மேஸ்திரி மாவை விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தார். மறுபடி விளக்கைப் பிடித்தபோது நிழல் இல்லை. எழுபது வயதுக் கை.

"உஸ்தாத்!" என்று சிரித்தார் இளைஞர்.

"என்ன பெரிய உஸ்தாத். நான் காரையக் கொத்திட்டுக் காரைய வைக்கிறேன். நீ அட்டைய வெட்டிட்டு அட்டைய வைக்கிற. மூடுற வேல ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்றார் மேஸ்திரி.

மூன்றாம் பூச்சு முழுவதையும் இருவரும் சேர்ந்தே முடித்தார்கள். அதற்குத் தனியாகக் கூலி கொடுத்தபோது மேஸ்திரி வாங்க மறுத்தார். வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாறு சொல்வது

மேஸ்திரி சொன்ன வார்த்தையில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. காரைக்குக் காரை, அட்டைக்கு அட்டை. எந்தச் சுவரையும் அதன் சொந்தப் பொருளால்தான் ஒட்டுப்போட வேண்டும். நம் ஊரில் எத்தனையோ பழைய சுண்ணாம்புச் சுவர்களில் காரை பெயர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். சிமெண்ட் சுவரை மூச்சுவிட விடாது. வழக்கமாக வெளியே போகும் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லையும் பழைய காரையையும் பொடியாக்கிவிடும். இரண்டு மழைக்காலத்தில் ஒட்டைச் சுற்றி இன்னும் பெரிய இடம் விழும். அப்புறம், 'இந்த வீடு தேறாது, இடித்துவிடலாம்' என்று முடிவு கட்டுவார்கள். இப்படிப் போன திண்ணை வீடுகளைத் தெருத் தெருவாக என்னால் எண்ணிச் சொல்ல முடியும்.

1870-களின் தொடக்கத்தில் கடற்கரையில் எழுந்த நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் 29-ல் மழையில் சரிந்து விழுந்ததைப் பலரும் நேரில் பார்த்தோம். அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் முழுதாகத் திரும்பக் கட்ட அரசாங்கத்தால் முடியும், உங்களாலும் என்னாலும் முடியாது. நமக்கு இருக்கும் ஒரே வழி, கெட்ட இடம் சிறியதாக இருக்கும்போதே அதை மட்டும் எடுத்துவிட்டு, சரியான பொருளை வைத்து, சரியாக மூடுவது.

அதற்குக் கை வேண்டும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த மேஸ்திரிகள் நம் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அமெரிக்காவில் பலகை வந்து காரைக் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பியது. அங்கே பழைய காரைச் சுவர் வைத்திருப்பவர்கள் இன்று ஒரு கொத்தனாரைத் தேடி அலைகிறார்கள். நமக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. சந்து மூடும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள், கற்றுக்கொடுக்கும் வயதில் மேஸ்திரிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அடுத்த வேலை நடக்கும்போது இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லிப் பாருங்கள். தேநீர்ச் செலவு மட்டும்தான் கூடுதல்.

கடைசியாக இரண்டு சின்ன யோசனைகள். வேலை முடிந்ததும் மிஞ்சிய பலகைத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் படுக்கவைத்து வையுங்கள், நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும். பெயிண்டின் நிற எண்ணையும், சுவருக்குள் எந்த இடத்தில் சட்டம் போகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த புயலுக்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்க்கப்போவது நம் பிள்ளைகளாக இருக்கலாம். எங்கே வெட்டுவது என்று அவர்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.